புல்லுக்குள்ள முயல் குட்டி, டெக்குக்கு அடியில ராக்கூன்: பிள்ளைங்கள பேக்யார்டுல விடலாமா?

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில ஒருவாட்டி சொல்லிப் பாத்துக்கறேன். டொராண்டோவுல ஸ்கார்பரோ பக்கம் சொந்த வீட்டுக்கு வந்து இது முதல் சம்மர். சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் புல்லு வெட்டப் போனப்ப நடுப் புல்லுல ஒரு சின்னக் குழி, அதுல நாலு முயல் குட்டி, லேசா முடி வந்திருக்கு ஆனா கண்ணு திறக்கல, ரெண்டு நாளா ஜன்னல்லயே உக்காந்து பாக்கறீங்க தாய் முயல் வரவே இல்ல. ஏழு வயசுப் பையனும் நாலு வயசுப் பொண்ணும் உள்ள தூக்கிட்டு வந்து வளக்கலாம்னு ஒரே அழுகை. ஊர்லருந்து வந்திருக்கற மாமியார், பச்சக் குட்டிம்மா பசியில செத்துரும், பஞ்சுல பால் நனைச்சு வைன்னு சொல்றாங்க. இதுக்கு நடுவுல டெக்குக்கு (வீட்டுக்குப் பின்னாடி இருக்கற மரப்பலகை மேடை) அடியில ராத்திரி கீச்கீச்சுனு சத்தம், அது ராக்கூன் (கண்ணைச் சுத்தி கறுப்புப் பட்டை, வால்ல வளையம் இருக்கற விலங்கு) குடும்பம், ரேபிஸ் (வெறிநாய்க்கடில வர்ற அதே நோய்) இருக்கும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போயிட்டார். கராஜ் லைட்டு மேல ராபின் கூடு வேற. கடைசியா ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, "ரெண்டு வாரத்துல ஸ்கூல் லீவு விட்டுருவாங்க, இதுங்கள வெளிய விடலாமா"ன்னு. அதுதான் நிஜமான கேள்வின்னு நினைக்கறேன். அதாவது அந்தக் குட்டிங்க பிழைக்க நாங்க ஏதாவது செய்யணுமா, அதுங்களால எங்க பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகுமா. இந்த ரெண்டுதான்.

நான் யாருன்னு சொல்லிடறேன். கால்நடை ஆஸ்பத்திரியில டெக்னீஷியனா 14 வருஷம், அதுல பாதிக்கு மேல சம்மர்ல வனவிலங்கு மறுவாழ்வு மையத்துல வாலண்டியர். டாக்டர் இல்ல. நேர்ல பாக்காம போட்டோவ வச்சு ஒரு குட்டி நல்லா இருக்குன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. மனுஷங்க உடம்பு விஷயத்துல நான் சொல்றது "உடனே யாருக்கு போன் பண்ணணும்"ங்கற அளவுக்குத்தான். அதை மனசுல வச்சுட்டு மேல படிங்க.

முதல்ல முயல். நீங்க பாத்தது ஈஸ்டர்ன் காட்டன்டெய்ல், இங்க தெருவுக்குத் தெரு ஓடிட்டு இருக்குமே அதேதான். தாய் வரலைன்னு நீங்க முடிவு பண்ணினது ரொம்ப இயல்பு, ஏன்னா நமக்கு தாய்னா பூனை மாதிரி, கோழி மாதிரி, குட்டியை விட்டு நகராம பக்கத்துலயே படுத்திருக்கணும். முயல் அப்படி இல்ல. விடியக்காலைல ஒருவாட்டி, இருட்டற நேரம் ஒருவாட்டி, சில நிமிஷம் வந்து பால் குடுத்துட்டு குழிய மறுபடி புல்லும் தன் முடியும் வச்சு மூடிட்டுப் போயிரும். மீதி நேரம் முழுக்க வேணும்னே தள்ளி இருக்கும், தான் பக்கத்துல உக்காந்திருந்தா நாய்க்கும் நரிக்கும் குட்டி இருக்கற இடத்தக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்ல. முயல் பால் ரொம்பக் கெட்டி, கொழுப்பு அதிகம், அதனால ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குடிச்சாலே போதும். இப்ப ஜூன்ல டொராண்டோவுல சூரியன் அஞ்சரை மணிக்கு உதிச்சு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மறையுது, பதினஞ்சரை மணி நேரம் வெளிச்சம். நீங்க முழிச்சு ஜன்னல்ல உக்காந்த நேரம் பூரா அது வராத நேரம். அது வந்தப்ப நீங்க ஒண்ணு தூங்கிட்டு இருந்திருப்பீங்க இல்லன்னா பிள்ளைங்கள தூங்க வச்சுட்டு இருந்திருப்பீங்க. அவ்வளவுதான் விஷயம்.

நான் சொல்றத நம்பணும்னு இல்ல, சோதிச்சுப் பாருங்க. இன்னைக்கு சாயந்தரம் அந்தக் குழி மேல நாலஞ்சு மெல்லிசான குச்சி இல்ல பின்னல் நூல் துண்டுகள கோலத்துல குறுக்கும் நெடுக்கும் கோடு போடற மாதிரி வைங்க. ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் எல்லாரும் உள்ள வந்துருங்க, டெக்ல உக்காந்து எட்டிப் பாக்கக் கூடாது, நீங்க இருந்தா அது வராது. மறுநாள் காலைல குச்சி கலைஞ்சிருந்தா, கலைஞ்சு கூடவே புல்லு திரும்ப மூடியிருந்தா தாய் வந்துட்டுப் போயிருக்கு. காத்துல நகந்திருக்கலாமேன்னு தோணும், நியாயம்தான், இந்த டெஸ்ட் நூத்துக்கு நூறு கிடையாது. அதனால கூடவே குட்டிங்களையும் காலைல ஒரே ஒருவாட்டி பாருங்க. வயிறு உருண்டையா இருக்கா, உடம்பு வெதுவெதுப்பா இருக்கா, கழுத்துக்குப் பின்னாடி தோலை மெதுவா கிள்ளி விட்டா டக்குனு கீழ இறங்குதா. மூணுக்கும் ஆமான்னா அதுங்களுக்கு சாப்பாடு கிடைச்சுட்டு இருக்கு. வயிறு ஒட்டி, உடம்பு சில்லுனு, கிள்ளின தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்னா அது வேற கதை, அப்ப போன் பண்ணணும்.

மனுஷங்க கை பட்டா தாய் சேக்காதுன்னு மாமியார் சொல்லியிருப்பாங்களே, எங்க பாட்டியும் சொல்லுவாங்க, இங்க வெள்ளக்காரங்களும் அதையே சொல்றாங்க. அது சரியில்ல. முயலும் பண்ணாது, பறவையும் பண்ணாது. பிள்ளைங்க ஏற்கனவே தொட்டுத் தூக்கியிருந்தா பதறாதீங்க, அதே குழில திரும்ப வச்சுட்டு புல்லை மூடிட்டு கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, முடிஞ்சது. ஆனா அதுக்காக தினம் எடுத்துக் கொஞ்சலாம்னு அர்த்தம் இல்ல, காட்டு முயல் குட்டிக்கு பயமே ஒரு நோய் மாதிரி, கையில வச்சிருக்கும்போதே செத்துப் போனத நான் பாத்திருக்கேன்.

பால் விஷயத்துக்கு வரேன், இதை மாமியாருக்கு நீங்க பொறுமையா சொல்லணும். பசும்பால் முயல் குட்டிக்கு ஆகவே ஆகாது. வயித்தால போகும், ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிரும். பஞ்சுல நனைச்சு வாயில வச்சா சிலது பாலை மூச்சுக்குழாய்க்குள்ள இழுத்துக்கும், அது இன்னும் சீக்கிரம். இதை புத்தகத்துல படிச்சு சொல்லல. கனடா வந்த முதல் சம்மர், அப்ப இந்த வேலைல எல்லாம் நான் இல்ல, அப்பார்ட்மெண்ட் பின்னாடி கெடச்ச மூணு குட்டிய ஷூ டப்பால போட்டு, இங்க் ஃபில்லர்ல பால் குடுத்து, ராத்திரி அலாரம் வச்சு எந்திரிச்சுப் பாத்துக்கிட்டேன். மூணாவது நாள் காலைல மூணும் இல்ல. அதுங்களுக்கு ஒரு கேடும் இருந்திருக்கல, நான்தான் கேடு. பயிற்சி உள்ளவங்க சரியான பால் பவுடர் வச்சு வளத்தாலே காட்டன்டெய்ல் குட்டி பிழைக்கறது கஷ்டம், இத்தன வருஷத்துல கைல வளத்ததுல செத்ததுதான் நெறைய பாத்திருக்கேன். தாய் இருக்கற குட்டிய தூக்கிட்டு வரது காப்பாத்தறது இல்ல. சட்டமும் அதேதான் சொல்லுது, ஒன்டாரியோல காட்டு விலங்க வீட்ல வச்சு வளக்கறதுக்கு அனுமதி கிடையாது, அடிபட்டத மறுவாழ்வு மையத்துக்கோ கால்நடை டாக்டர்கிட்டயோ கொண்டு சேக்கறதுக்காக 24 மணி நேரம் வரைக்கும் வச்சிருக்கலாம், அவ்வளவுதான்.

சரி எப்ப தூக்கணும்? ரத்தம், ஒடிஞ்ச கால், ஈ முட்டை (அரிசி நொய் மாதிரி வெள்ளையா முடில ஒட்டிட்டு இருக்கும்), தாய் செத்துக் கிடக்கறத நீங்களே பாத்திருந்தா, இல்லன்னா பூனை வாயில இருந்து எடுத்திருந்தா. பூனை மட்டும் தனியா சொல்றேன், வெளிய ஒரு கீறலும் தெரியாது, நல்லாத்தான் இருக்குன்னு விட்டுருவீங்க, ஆனா பூனை பல்லுல இருக்கற பாக்டீரியா உள்ள போயிட்டா ஒரு ரெண்டு நாள்ல தீந்துரும், ஆன்டிபயாட்டிக் வேணும். இதுல எதாவது இருந்தா ஒரு அட்டப் பெட்டி, பழைய டீ-ஷர்ட், இருட்டான அமைதியான ரூம், சாப்பாடு தண்ணி எதுவும் குடுக்காம டொராண்டோ வைல்ட்லைஃப் சென்டர் மாதிரி இடத்துக்கு போன். சம்மர்ல அவங்க லைன் கிடைக்கறது திருப்பதி தரிசனம் மாதிரிதான், மெசேஜ் விட்டுட்டு காத்திருங்க.

நீங்க சொன்ன அடையாளத்த வச்சுப் பாத்தா, லேசா முடி, கண்ணு மூடியிருக்கு, பொறந்து ஒரு வாரத்துக்குள்ள இருக்கும். மூணு வாரம் ஆகறதுக்குள்ளயே குழிய விட்டுப் போயிரும், அதாவது ஜூலை 1 வர்றப்ப குழி கிட்டத்தட்ட காலி. அப்ப பாத்தா ஒரு டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும், காது நிமிந்து, கண்ணு திறந்து, நெத்தில ஒருவேளை வெள்ளப் பொட்டு. அந்த சைஸ்ல தனியா உக்காந்திருக்கறத பாத்து ஐயோ அனாதைன்னு மறுபடி தூக்கிறாதீங்க, அது வளந்த பிள்ளை, தனிக்குடித்தனம் போயாச்சு. அதுவரைக்கும் அந்த இடத்த சுத்தி ஒரு பத்தடிக்கு புல்லு வெட்டாதீங்க, நாலு கம்பு நட்டு கயிறு கட்டிவிட்டா உங்க வீட்டுக்காரருக்கும் ஞாபகம் இருக்கும். மத்த இடத்த வெட்டிக்கோங்க, ஏன்னா புல்லு 20 செண்டிமீட்டருக்கு மேல போனா டொராண்டோ சிட்டில நோட்டீஸ் அனுப்ப முடியும், யாராவது கம்ப்ளெய்ண்ட் பண்ணினா. பிள்ளைங்க பந்து விளையாடறப்ப குழி மேல ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய வைங்க, சாயந்தரம் மறக்காம எடுத்துருங்க, இல்லன்னா தாய் உள்ள போக முடியாது.

இப்ப டெக்குக்கு அடியில இருக்கறது. நீங்க நேர்ல பாக்கல, சத்தம் மட்டும் கேட்டிருக்கீங்க. ராக்கூன் குட்டி பொதுவா ஏப்ரல் மே மாசம் பொறக்கும், கீச்கீச்சுனு பறவை மாதிரி சத்தம் போடும், அதனால பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரியா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஸ்கங்க்காவும் (பயந்தா நாத்தத் தண்ணிய பீச்சி அடிக்குமே அது) இருக்கலாம், பொந்து தோண்டி வாழற கிரவுண்ட்ஹாகாவும் இருக்கலாம். ஓட்டை வாசல்ல கொஞ்சம் மைதா மாவு தூவி வைங்க ராத்திரி, காலைல காலடி பாருங்க: அஞ்சு விரலோட குழந்தை உள்ளங்கை பதிஞ்ச மாதிரி இருந்தா ராக்கூன்.

ராக்கூனைப் பாத்து பயப்படறதுல பாதி தப்பான காரணத்துக்கு பயப்படறோம். பகல்ல வெளிய வந்தா ரேபிஸ்னு ஒரு பேச்சு இருக்கு, அப்படி இல்ல, பால் குடுக்கற தாய்க்குப் பசி, பகல்லயும் அலையும். தள்ளாடுது, வட்டம் சுத்துது, கண்ணுல பீளை, ஆள் கிட்டப் போனாலும் நகரலன்னா அது நோய்தான், அதுவும் இந்த ஊர்ல பெரும்பாலும் டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோய், அது மனுஷனுக்கு வராது, ஊசி போடாத நாய்க்கு வரும். ரேபிஸே இல்லன்னு சொல்லல, ராக்கூன் வகை ரேபிஸ் 2015 டிசம்பர்ல ஹாமில்டன் பக்கம் திரும்ப தலைகாட்டுச்சு, அதுக்கப்புறம் மாகாணம் தடுப்பு மருந்து வச்ச இரைய போட்டுட்டு இருக்காங்க. கடிச்சாலோ கீறினாலோ எந்த விலங்கா இருந்தாலும் ஒரே வழி: 15 நிமிஷம் சோப்புத் தண்ணில கழுவு, அன்னைக்கே டாக்டர். நாய்க்கடிக்கு நம்ம ஊர்ல ஓடுவோமே அதே ஓட்டம்.

நான் நிஜமா கவலைப்படறது வேற ஒண்ணுக்கு, அதை யாரும் சொல்றதில்ல. ராக்கூன் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப கக்கா போகும், டெக் மூலை, விறகுக் கட்டு, மரத்தடி இப்படி. அதுல உருண்டைப்புழு முட்டை இருக்கலாம். அந்த முட்டை வயித்துக்குள்ள போய் மனுஷனுக்கு நோய் வரது ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா மூளையப் பாதிக்கும், அதுவும் கையை வாயில வைக்கற சின்னக் குழந்தைங்களுக்குத்தான். உங்க பொண்ணுக்கு நாலு வயசு. அதனால மண்ணுத்தொட்டி இருந்தா விளையாடாத நேரம் மூடியே இருக்கணும். கழிவு கண்ணுல பட்டா உடனே எடுங்க, போட்ட அன்னைக்கே அதால தொத்தாது, முட்டை பக்குவமாக ரெண்டு வாரமாவது ஆகும், அதுக்குள்ள கிளவுஸ் மாஸ்க் போட்டு அள்ளி, பைல கட்டி குப்பைல போட்டுட்டு, அந்த இடத்துல கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்துங்க. பிளீச் அந்த முட்டைய ஒண்ணும் பண்ணாது, வெந்நீர்தான்.

துரத்தலாமா? கூண்டு வச்சுப் பிடிச்சு தூரமா காட்டுல விட்டுறலாம்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க, செய்யாதீங்க. பிடிச்ச இடத்துலருந்து 1 கிலோமீட்டருக்குள்ள, 24 மணி நேரத்துக்குள்ள விடணும்ங்கறது ஒன்டாரியோ சட்டம், அதைவிட முக்கியம் தாயைப் பிடிச்சுட்டுப் போனா குட்டிங்க டெக்குக்கு அடியிலயே செத்து நாறும், அப்ப பலகையப் பேக்கணும். குட்டி எட்டு பத்து வாரம் ஆனா தாய் பின்னாடியே நடந்து வெளிய போக ஆரம்பிச்சிரும், பொறுக்க முடிஞ்சா அதுவரைக்கும் பொறுங்க. முடியலன்னா ஓட்டைப் பக்கம் ராத்திரி பகல் ஒரு லைட்டும் ஆள் பேசற ரேடியோவும் வச்சுப் பாக்கலாம். இது எனக்குத் தெரிஞ்ச வீடுகள்ல பாதிக்கு மேல வேலை செஞ்சிருக்கு, தாய் குட்டிய ஒவ்வொண்ணா கழுத்தைக் கவ்வி வேற பொந்துக்கு மாத்திரும், ஆனா உத்தரவாதம் கிடையாது, சில தாய்ங்க ரேடியோ கேட்டுட்டே நிம்மதியா தூங்கும். காப்பித்தூள், மிளகாப்பொடி வீடியோ எல்லாம் வருதே, அதுங்கள நான் நம்பறதில்ல. அந்துருண்டை கட்டாயம் வேணாம், பிள்ளைங்க இருக்கற வீட்ல அது விஷம். எல்லாம் காலியானது உறுதியான பின்னாடி ஓட்டைய சுத்தி கம்பிவலைய ஒரு அடி ஆழத்துக்குப் பொதச்சு அடைச்சுருங்க, அடைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ராத்திரி மாவு தூவிப் பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, நீங்க சாதாரணமா எழுதிட்டுப் போன ஒரு வரி. மாமியார் தினம் காலைல காக்காவுக்கு சோறு வைக்கறாங்கன்னு. இங்க காக்கா வர்றதுக்கு முன்னாடியே அணில் வரும், மீதிய ராத்திரி ராக்கூனும் எலியும் ஸ்கங்க்கும் பங்கு போடும். டெக்குக்கு அடியில வாடகை இல்லாத வீடு, வாசல்ல சாப்பாடு, யார் போவாங்க? டொராண்டோல 2023 ஏப்ரல்லருந்து சொந்த இடத்துலகூட காட்டு விலங்குக்கு சாப்பாடு வைக்கக் கூடாதுன்னு விதி, பறவைக்கு தொங்கவிடற ஃபீடர் மட்டும் சுத்தமா வச்சுக்கிட்டா பரவால்ல. பெரியவங்க மனசு நோகாம சொல்லணும்னா, ஒரு தட்டுல தண்ணி வைக்கச் சொல்லுங்க, தினம் மாத்தணும், வெயில் நாள்ல சோத்தைவிட அதுக்குத்தான் கூட்டம் வரும். எங்க அம்மா வந்திருந்தப்ப அமாவாசைக்கு மட்டும் ஒரு கைப்பிடி வச்சு, காக்கா எடுத்தத நின்னு பாத்துட்டு மீதிய உடனே உள்ள எடுத்துட்டு வந்துருவாங்க. விதிப்படி அதுவும் தப்புதான், நான் கண்டுக்கல.

ராபின் கூடு பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. நீல முட்டை மூணு நாலு இருக்கும், ரெண்டு வாரம் அடைகாக்கும், பொரிச்சு இன்னொரு ரெண்டு வாரத்துல குஞ்சு பறந்துரும். முட்டையோ குஞ்சோ இருக்கற கூட்டை எடுக்கறது 1994 புலம்பெயர் பறவைகள் சட்டப்படி குற்றம், அதனால ஒரு மாசம் கராஜ் கதவுக்குப் பதிலா முன்கதவ பயன்படுத்துங்க. குஞ்சு கூட்டை விட்டு இறங்கினதும் சில நாள் தரைல தத்தித் தத்தி நடக்கும், சரியா பறக்காது, நெஞ்சுல புள்ளி புள்ளியா இருக்கும், வால் குட்டையா இருக்கும். அடிபட்டிருச்சுன்னு அதையும் ஜனங்க டப்பால போட்டு எடுத்துட்டு வருவாங்க. அப்பன் பறவை பக்கத்து மரத்துல புழுவோட நின்னு கத்திட்டு இருக்கும் பாருங்க. முடி முளைக்காத சிவப்புக் குஞ்சு கீழ விழுந்திருந்தா மட்டும் கூட்டுல திரும்ப வைங்க.

இப்ப பிள்ளைங்க விஷயம். பேக்யார்டுல விடலாமான்னா, தாராளமா விடுங்க. முயலும் ராபினும் சிப்மங்க்கும் (நம்ம ஊர் அணில் மாதிரி முதுகுல கோடு போட்டது) பிள்ளைங்கள ஒண்ணும் செய்யாது. ரெண்டே விஷயத்துல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன், ரெண்டும் சின்னதா இருக்கறதால யாரும் கண்டுக்கறதில்ல.

ஒண்ணு வவ்வால். பிள்ளைங்க தூங்கற ரூம்ல காலைல ஒரு வவ்வால் இருந்துச்சுன்னா, கடிச்ச தடம் இருக்கோ இல்லையோ, உடனே பப்ளிக் ஹெல்த்துக்கு போன் பண்ணுங்க. அதோட பல்லு ஊசி முனை மாதிரி, தடம் தெரியவே தெரியாது, தூங்கற குழந்தைக்கு சொல்லவும் தெரியாது. முடிஞ்சா ரூம் கதவ சாத்தி வவ்வால உள்ளயே வைங்க, டெஸ்ட் பண்ண வேண்டி வரலாம், வெறும் கையால தொடாதீங்க. 2024ல இதே ஒன்டாரியோல ஒரு குழந்தை இப்படித்தான் இறந்துச்சு. ரூம்ல வவ்வால பாத்திருக்காங்க, உடம்புல ஒரு தடமும் இல்ல, அதனால ஊசி போடல. இந்த மாகாணத்துலயே ரேபிஸ் தொத்தி ஒருத்தர் இறந்தது 1967க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அதாவது நடக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா அறிகுறி வந்த பின்னாடி மருந்து கிடையாது, அதுக்கு முன்னாடி போட்டா ஊசி காப்பாத்திரும். அதனாலதான் இதுல மட்டும் யோசிக்கவே கூடாதுங்கறேன். வவ்வால் மேல கோபம் வேணாம், வெளிய பறக்கறப்ப அது ராத்திரி முழுக்க பூச்சி தின்னுட்டு இருக்கு.

ரெண்டாவது உண்ணி. கறுப்புக்கால் உண்ணி, லைம்ங்கற பாக்டீரியா நோயைப் பரப்பறது. ரூஜ் பார்க் பக்கம் இருக்கறவங்களுக்கு இது கட்டாயம். சின்ன பருவத்துல, அதாவது இப்ப ஜூன் ஜூலைல, ஒரு கசகசா அளவுதான் இருக்கும். உயரமான புல்லு, இலைக்குப்பைல விளையாடிட்டு வந்தா குளிக்க வைக்கறப்ப காதுக்குப் பின்னாடி, தலைமுடி ஓரம், அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்னாடி தடவிப் பாருங்க. ஒட்டியிருந்தா ட்வீசரால தோலுக்கு ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, எண்ணெய் வைக்கறது, தீக்குச்சி காட்டறது எல்லாம் வேணாம். லைம் தொத்தறதுக்கு பொதுவா அது ஒரு நாளுக்கு மேல ஒட்டி இருக்கணும், அதனால தினம் பாத்தாலே பெரும்பகுதி தப்பிச்சுரலாம். ரொம்ப நேரம் ஒட்டியிருந்த மாதிரி இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள கேளுங்க, 2023லருந்து இங்க பார்மசிஸ்ட்டே இதைப் பாத்து மருந்து எழுத முடியும், ஆனா சின்னக் குழந்தைன்னா டாக்டர்கிட்டயே போயிருங்கன்னு சொல்லுவேன்.

ஸ்கங்க் பத்தி நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. புல்லத் தோண்டி புழு தின்னும், கண்ணு சரியாத் தெரியாது, முன்னங்காலைத் தரைல தட்டி வாலைத் தூக்கினா அதுதான் எச்சரிக்கை, சத்தம் போடாம மெதுவா பின்வாங்குங்க. அந்த நாத்தத் தண்ணிய மேல அடிச்சுருச்சுன்னா தக்காளி ஜூஸ் வேலைக்கு ஆகாது, வாசனைய மறைக்கும், போக்காது. ஒரு லிட்டர் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கால் கப் பேக்கிங் சோடா, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவற சோப்பு, கலந்த உடனே தேய்ச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கழுவுங்க, கண்ணுல படாம. மீதிய பாட்டில்ல மூடி வைக்காதீங்க, வெடிச்சுரும்.

அழற பிள்ளைங்கள என்ன சொல்லி சமாதானப்படுத்தறதுன்னு கேட்டிருந்தீங்க. வளக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னா அழத்தான் செய்வாங்க, அதுக்குப் பதிலா வேலை குடுங்க. குச்சி வைக்கற வேலை பையனோடது, காலைல போட்டோவோட ஒப்பிட்டு நோட்டுல எழுதறது அவன்தான். பொண்ணுக்கு காக்காத்தண்ணி மாத்தற வேலை, பாட்டியோட சேந்து. ரெண்டு பேரும் குழிக்குப் பேர் வச்சுக்கட்டும், குட்டிக்கு வேணாம், நாலும் பிழைக்கும்னு யாரும் வாக்குக் குடுக்க முடியாது, காட்டன்டெய்ல் குட்டில பாதிக்கு மேல பெருசாகறதே இல்ல, அதனாலதான் ஒரே சம்மர்ல அது மூணு நாலு ஈத்து போடுது. ஒண்ணு செத்துக் கிடந்தா மறைக்காதீங்க. ஏழு வயசுக்குப் புரியும், நாலு வயசு ஒருவாட்டி கேட்டுட்டு மறந்துரும், இல்லன்னா அதையே பத்து நாள் கேட்டுட்டு இருக்கும், என் பொண்ணு ரெண்டாவது ரகம்.

குட்டிங்க வெளிய வந்து புல்லு மேயறத பாக்கணும்னா எட்டரை மணிக்கு மேல சமையலறை ஜன்னல்ல லைட்டை அணைச்சுட்டு நில்லுங்க. லீவுதானே, ஒரு நாள் லேட்டா தூங்கட்டும். ஜூன் கடைசில வேலி ஓரம் இருட்டுல மின்மினி வேற வரும். இன்னைக்கு சாயந்தரமே குச்சி வச்சுட்டு, நாளைக்குக் காலைல குட்டி வயிறு எப்படி இருந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க, ஒட்டிப் போயிருக்குன்னா எனக்கு எழுதிட்டு காத்திருக்காதீங்க, மையத்துக்கு நேரா போன் பண்ணிருங்க.